மலை உச்சி முதல் மாடி அறை வரை: ஹோம் தியேட்டர் பற்றி இதெல்லாம் தெரியுமா?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். அங்கே ஒரு கோபுரத்திலிருந்து கிளம்பும் பாட்டு மதுரையில் டீக்கடைக்குள்ளும், தேனியில் தோட்டத்து வீட்டுக்குள்ளும், திருச்சியில் ஆட்டோவுக்குள்ளும் ஒரே சமயத்தில் நுழைகிறது. உங்கள் ஹாலில் டி.வி.க்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஏ.வி. ரிசீவருக்கும் அதே வேலைதான்: ஓரிடத்தில் வாங்கி, பல இடங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது! கோபுரமானாலும் பெட்டியானாலும் சிக்னல் கேட்பது மூன்றே மூன்று: தடையில்லாத பாதை, சரியான நேரம், போதுமான பலம். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால், பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அத்தனை ஓட்டைகளும் ஒயர்களும் தாமாகவே புரிய ஆரம்பித்துவிடும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து வியப்போம்!

ஒரு மலையின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும், தெரியுமா?

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியோ உருண்டை! அதனால் கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான் அலை எட்டும். கணக்கு மிக எளிது. உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைத்துவிடும். 100 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு 41 கிலோமீட்டர். கொடைக்கானலின் உயரத்தைப் போட்டுப் பாருங்கள், 190 கிலோமீட்டரை நெருங்கிவிடுகிறது! இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் சென்னையில் தொடங்கியது. ஆனால் கடலோரச் சமவெளியில் நிற்கும் சென்னைக்கு இல்லாத மலை, கொடைக்கானலிலிருந்து ஒலிபரப்பாகும் கோடை பண்பலைக்கு இருக்கிறது. 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் சக்தியுடன் அது இத்தனை மாவட்டங்களைத் தொடுவதற்குப் பழனி மலைத்தொடர் கொடுத்த ஏணிதான் காரணம்.

கடல் தாண்டி வந்த படம் எப்படி வந்தது, தெரியுமா?

இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி 1982-ல் தொடங்கியது. அதன் அலைகள் கிளம்பிய இடம், அந்தத் தீவின் மிக உயர்ந்த சிகரமான 2,524 மீட்டர் பிதுருதலாகலை! மேலே சொன்ன கணக்குப்படி 207 கிலோமீட்டரோடு அது நின்றிருக்க வேண்டும். ஆனால் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் படம் தெரிந்தது. மன்னார் வளைகுடாவின் மேல் படியும் ஈரக்காற்று அடுக்குகள் அலையை வளைத்து, கடலை ஒட்டியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டன! பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வந்ததும் தென்மாவட்ட மொட்டைமாடிகளில் ஆன்டெனாக்கள் எல்லாம் மலைப் பக்கம் திரும்பின. மதுரையில் வடமேற்கு, கோவையில் தென்கிழக்கு, நெல்லையில் வடக்கு. அந்த மீன்முள் வடிவ ஆன்டெனாவை 1926-ல் உலகுக்கு அறிவித்தவர்கள் ஜப்பானியர்களான உடாவும் யாகியும்.

வெறும் 71 சென்டிமீட்டர் ஒயர் போதும், தெரியுமா?

ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் பலவற்றுக்குள் ஒரு எஃப்.எம். ட்யூனர் சும்மா தூங்கிக்கொண்டிருக்கிறது! பின்புறம் ‘எஃப்.எம். ஆன்டெனா’ என்று எழுதிய துளையைப் பாருங்கள். 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் பாதி நீள ஆன்டெனா இருந்தால் அலை அழகாக மாட்டிக்கொள்ளும். ஆளுக்கு 71 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு ஒயர்களை ஒரே கோட்டில் எதிரெதிராக நீட்டி, நடுவில் கோஆக்ஸியல் கேபிளை இணைத்தால் போதும், சொந்த ஆன்டெனா தயார்! இரண்டு கைகளையும் விரித்தது போல் நிற்கும் அந்த ஆன்டெனாவின் பக்கவாட்டு முகம் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். முனை கோபுரத்தை நோக்கி இருந்தால் சிக்னல் மெலிந்துவிடும். பழனி போல மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: கோபுரம் மிக அருகில்தான், ஆனால் இடையில் மலைமுகடு மறைக்கும். ஆன்டெனாவை மாடிக்கு ஏற்றினால் வித்தியாசம் தெரியும்.

மலையிலிருந்து திருச்சிக்கு வரும் நேரத்தில் ஒலி ஒரு சாண்கூடப் போகாது, தெரியுமா?

நம்பவே முடியாத கணக்கு இது! கொடைக்கானலுக்கும் திருச்சிக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 146 கிலோமீட்டர். வானொலி அலை ஒளியின் வேகத்தில் ஓடுவதால் அரை மில்லிவிநாடியில் வந்து சேர்ந்துவிடும். அதே அரை மில்லிவிநாடியில் உங்கள் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிய ஒலி போகும் தூரம் வெறும் 17 சென்டிமீட்டர்! ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நாற்காலியில் அமர்ந்திருக்கும் உங்கள் காதுக்கு அது வந்து சேர்வதற்குள், அலை மலையிலிருந்து திருச்சிக்குப் பதினேழு தடவை வந்துவிடும். சிக்னலின் பயணத்திலேயே மிக மெதுவான பகுதி உங்கள் ஹாலுக்குள்தான் இருக்கிறது!

அதனால்தான் ரிசீவர் அறையை அளக்கிறது, தெரியுமா?

ஐந்து ஸ்பீக்கர்களும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்காது. பின்னால் இருப்பது ஒன்றரை மீட்டர், முன்னால் இருப்பது நாலு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி 7 மில்லிவிநாடி முந்திக்கொண்டு வந்துவிடும். ரிசீவருடன் வரும் குட்டி மைக்கை நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வைத்து அளவீட்டை ஓட்டினால், அருகிலுள்ள ஸ்பீக்கரை அந்த 7 மில்லிவிநாடி காக்க வைக்கிறது ரிசீவர்! இன்னொரு அதிசயம்: ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. கொடைக்கானல் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படியும் ஜனவரியில், 5 டிகிரிக் குளிரில் அது விநாடிக்கு 334 மீட்டர். சித்திரை வெயிலில் பழனியில் 38 டிகிரி என்றால் 354 மீட்டர். ஒரே மலையின் உச்சியிலும் அடியிலும் ஒலி வேறு வேறு வேகத்தில் ஓடுகிறது!

உதடு முந்தலாம், குரல் முந்தக்கூடாது, தெரியுமா?

இயற்கையில் ஒலி ஒருநாளும் ஒளியை முந்தியதில்லை. மலையில் மின்னல் வெட்டிய பிறகுதான் இடி, கிலோமீட்டருக்கு மூன்று விநாடி தாமதம். நம் மூளை அதற்கே பழகியிருக்கிறது. குரல் 125 மில்லிவிநாடி பிந்தினால்தான் நமக்கு உறுத்தத் தொடங்கும். ஆனால் வெறும் 45 மில்லிவிநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். இன்றைய டி.வி.யோ படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது, ரிசீவர் ஒலியை உடனே விட்டுவிடுகிறது. விளைவு, குரல் முந்துகிறது! ரிசீவரின் அமைப்பில் ‘லிப் சிங்க்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தானியங்கியில் வையுங்கள். போதவில்லையென்றால் பத்துப் பத்து மில்லிவிநாடியாகக் கூட்டுங்கள்.

எச்.டி.எம்.ஐ. கேபிளில் படம் வருவதற்கு முன் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது, தெரியுமா?

2002-ல் பிறந்த இந்தக் கேபிளின் முனையில் 19 ஊசிகள். செருகிய உடனே படம் பாய்ந்து ஓடுவதில்லை! முதலில் ஒரு ஊசி, ‘நான் வந்துவிட்டேன்’ என்று தெரிவிக்கிறது. பிறகு டி.வி. தன் ஜாதகத்தையே ஒப்பிக்கிறது: எத்தனை புள்ளி காட்டுவேன், எத்தனை நிறம் தெரியும், எந்த ஒலி புரியும். அடுத்தது நகல் தடுப்புக்கான ரகசியச் சோதனை. இவ்வளவும் சரியாக முடிந்தால்தான் படம்! நடுவில் ரிசீவர் இருந்தால் அது இரண்டு பக்கமும் பேச வேண்டும். திடீரென்று திரை கறுத்துப்போனால் பெட்டி கெட்டுவிட்டதாகப் பதற வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்து, முதலில் டி.வி., அடுத்து ரிசீவர், கடைசியில் செட்-டாப் பாக்ஸ் என்ற வரிசையில் போட்டுப் பாருங்கள். பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கும். 4கே படத்துக்குச் சாதாரணச் செப்புக் கேபிள் 5 மீட்டருக்குள் இருப்பது நல்லது.

ஒரே கேபிளில் படம் மேலே போக, ஒலி கீழே இறங்கும், தெரியுமா?

டி.வி.யிலேயே யூடியூப் பார்க்கிறீர்கள். ஒலி ரிசீவருக்கு எப்படிப் போகும்? இன்னொரு கேபிள் வேண்டாம்! 2009-ல் வந்த ‘ஆர்க்’ வசதி, அதே எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. டி.வி.யிலும் ரிசீவரிலும் ‘ஆர்க்’ என்று எழுதியிருக்கும் துளைகளில்தான் செருக வேண்டும், அவ்வளவுதான். இதன் அண்ணன் ‘இ-ஆர்க்’ 2017-ல் அறிவிக்கப்பட்டது. சுருக்காத முழுத்தர ஒலியையே அது சுமக்கும். தோஷிபா 1983-ல் கொண்டுவந்த ஆப்டிகல் கேபிளும் இன்றுவரை ஓய்வு பெறவில்லை. 5.1 சரவுண்டு ஒலி வரை தாராளமாகத் தரும். அது ஒளியால் ஓடுவதால் மின் இரைச்சல் அதற்குள் நுழையவே முடியாது!

இந்தியாவின் சரவுண்டு ஒலிக்குத் தமிழ்ப் படமே முன்னோடி, தெரியுமா?

1995-ல் வந்த ‘குருதிப்புனல்’தான் டால்பி ஸ்டீரியோ சரவுண்டு எஸ்.ஆர். தொழில்நுட்பத்தில் வந்த முதல் இந்தியப் படம். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் 2012-ல் ஹாலிவுட்டில் ‘பிரேவ்’ படத்துடன் அறிமுகமானது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ அட்மாஸில் வெளியாகிவிட்டது! இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தத் தொழில்நுட்பம் வீட்டு ரிசீவருக்கே வந்தது. உங்கள் ரிசீவரின் முகப்பில் ‘அட்மாஸ்’ என்ற எழுத்து ஒளிரும்போது தமிழ்த் திரையின் வேகத்தையும் நினைத்துப் பெருமைப்படுங்கள்.

ஸோன்-2 எதையெல்லாம் பாடும், தெரியுமா?

ஹாலில் அப்பா செய்தி பார்க்க, சமையலறையில் அம்மா பாட்டுக் கேட்க, ஒரே ரிசீவர் போதும்! ‘ஸோன்-2’ என்ற ஸ்பீக்கர் முனைகள் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் பலரைத் தடுமாற வைக்கும் ஒரு ரகசியம் இதில் உண்டு. எச்.டி.எம்.ஐ.யிலோ ஆப்டிகலிலோ வரும் டிஜிட்டல் ஒலியைப் பல ரிசீவர்கள் ஸோன்-2-க்கு அனுப்புவதில்லை. சிவப்பு-வெள்ளை முனையில் வரும் அனலாக் ஒலியும், உள்ளேயிருக்கும் எஃப்.எம். ட்யூனரும் பொதுவாகத் தடையின்றிப் போகும். செட்-டாப் பாக்ஸின் பாட்டு அடுத்த அறைக்குப் போகவில்லையா? பாக்ஸிலிருந்து ஒரு சிவப்பு-வெள்ளை ஒயரையும் கூடவே ரிசீவருக்குக் கொடுங்கள். பாட்டு கிளம்பிவிடும்!

எட்டும் எட்டும் சேர்ந்தால் நாலு, தெரியுமா?

கணக்கு வாத்தியார் அடித்திருப்பார், ஆனால் மின்சாரம் ஒப்புக்கொள்கிறது! 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுடன் இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் இணைத்தால் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிவது 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 2.7 ஓம். மின்னோட்டம் எகிறும், பெட்டி சூடேறும், பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும். நாலு அறைக்கு ஸ்பீக்கர் வேண்டுமென்றால் தனி ஆம்ப்ளிஃபயரை ரிசீவரின் ‘ப்ரீ-அவுட்’ முனையில் மாட்டுங்கள். ஒயரும் முக்கியம். 15 மீட்டர் தள்ளியிருக்கும் அறைக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். செப்பு ஒயர் போட்டால், போக வர 30 மீட்டருக்கும் சேர்த்து இழப்பு 0.36 ஓம் அளவுதான். அதைவிட நீளமா? 2.5 ஸ்கொயர் எம்.எம். வாங்குங்கள்.

திருவிழா மைக் செட்காரர்கள் இதில் முன்னோடிகள், தெரியுமா?

தைப்பூசப் பாதயாத்திரை வழியெங்கும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர்! அத்தனையையும் அத்தனை தூரத்துக்கு ஒரே ஆம்ப்ளிஃபயர் எப்படிப் பாட வைக்கிறது? ‘100 வோல்ட் லைன்’ என்பதுதான் அந்த வித்தை. மின்வாரியம் தொலைதூரத்துக்கு உயர் அழுத்தத்தில் அனுப்பும் அதே தத்துவம். ஆம்ப்ளிஃபயரிடமே ஒலியின் மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கிக்கொள்கிறார்கள். மின்னோட்டம் குறைவதால் மெல்லிய ஒயரிலும் இழப்பு குறைவு. பெரிய பங்களா, தோட்டம், விருந்தினர் குடில் என்று பரந்த இடம் உள்ளவர்களுக்கு இன்றும் இதைவிட உறுதியான வழி கிடையாது!

கருங்கல் சுவரிடம் வைஃபை தோற்கும், தெரியுமா?

கொடைக்கானலின் பழைய பங்களாக்களில் கல் சுவர்கள் எத்தனை தடிமன்! குளிருக்கு அரண், வைஃபைக்குச் சிறை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கல் சுவரைத் தாண்டுவதற்குள் மெலிந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றே தாக்குப்பிடிக்கும். அறைக்கு அறை வயர்லெஸ் ஸ்பீக்கர் வைக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்துவிடுவது புத்திசாலித்தனம். அந்த ஒரே கேபிள் இன்னொரு மாயமும் செய்யும்! 2010-ல் வந்த எச்.டி.பேஸ்-டி முறையில், கேட்-6 கேபிளின் இரு முனையிலும் ஒரு சிறு பெட்டி வைத்தால், படமும் ஒலியும் சேர்ந்து 100 மீட்டர் வரை போகும். ஹாலில் ஓடும் படத்தை மாடி அறையிலும் பார்க்க இதுவே வழி.

வாசற்படியில் கேட்கும் எதிரொலிக்குக் காரணம் யார், தெரியுமா?

ஒரே பாட்டு இரண்டு அறையில். நடுவில் நின்றால் இரட்டைக் குரல்! 30 மில்லிவிநாடிக்குள் அடுத்தடுத்து வரும் இரண்டு ஒலிகளை மூளை ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும் என்பதை 1940-களின் இறுதியில் ஆராய்ந்து காட்டியவர் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ். அதைத் தாண்டினால் எதிரொலிதான். அந்த எல்லையைத் தாண்டுவது மிக எளிது: டிஷ் டி.வி. சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி, அதே தூரம் கீழே இறங்குவதற்கு ஆகும் நேரம் கால் விநாடி. வைஃபை ஸ்பீக்கர்களோ தடங்கல் வராமலிருக்க ஓரிரு விநாடிப் பாட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்குகின்றன. அதனால் ஓர் அறைக்கு ஒயர், மற்றதற்கு வைஃபை என்று கலந்தால் சுருதி சேராது. எல்லா அறைக்கும் ஒரே முறை, அல்லது ஒரே குடும்பத்துப் பெட்டிகள், இதுதான் விதி!

மூடுபனி டிஷ்ஷைத் தடுக்காது, சூரியன் தடுக்கும், தெரியுமா?

கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனியிலும் கொடைக்கானலில் டிஷ் படம் காட்டும்! பனித்துளி அந்த அலையின் முன் மிகமிகச் சிறியது. ஆனால் கனமழையின் பெரிய துளிகள் 12 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கிவிடும். இன்னொரு விசித்திரம்: மார்ச் மாதத்திலும், செப்டம்பர்–அக்டோபர் வாக்கிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் படம் சிதறும். அப்போது சூரியன் சரியாகச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நின்று, தன் வானொலி இரைச்சலால் அதை மூழ்கடிக்கிறது. நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வரும் ஆய்வகம் இதே மலையில்தான் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் இங்கேதான்!

2,000 மீட்டருக்கு மேல் பெட்டிக்கே மூச்சு வாங்கும், தெரியுமா?

பல மின்னணுக் கருவிகளின் கையேட்டில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 2,000 மீட்டர் உயரம் வரை பயன்படுத்தலாம். கொடைக்கானல் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது! அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் சூட்டை எடுத்துச் செல்லும் திறனும் குறையும், மின்பொறி தாவாமல் தடுக்கும் திறனும் குறையும். ஆகவே ரிசீவரை அலமாரிக்குள் அடைக்காமல், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் படியும். சில மணி நேரம் காய்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

‘ம்ம்ம்’ என்ற ரீங்காரத்தின் ஊர் எது, தெரியுமா?

ஸ்பீக்கரில் ஓயாத ‘ம்ம்ம்’ வருகிறதா? அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல்! டிஷ் கேபிள் ஓரிடத்தில் எர்த் ஆகி, ரிசீவர் இன்னோரிடத்தில் எர்த் ஆனால் நடுவில் ஒரு வட்டம் உருவாகி மின்னோட்டம் சுற்றும். டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் திருடன் பிடிபட்டான்! கேபிளின் எர்த்தை வீட்டின் பிரதான எர்த்துடன் எலக்ட்ரீஷியனை வைத்து ஒன்றாக்கினால் தீர்ந்தது. பிளக்கின் மூன்றாவது ஊசியை மட்டும் ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள். அது உயிர் காக்கும் ஊசி. சித்திரை–வைகாசிக் கோடை இடியிலும் ஐப்பசி அடைமழையிலும் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ் கேபிளையும் ஆன்டெனா ஒயரையும் சேர்த்துக் கழற்றிவிட வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்!

இனி நீங்களே இணைத்துவிடலாம், தெரியுமா?

ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் செட்-டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் பெட்டி, எஃப்.எம். ஆன்டெனா என எழுதுங்கள். நடுவில் ரிசீவர். வலப்பக்கம் டி.வி., ஹால் ஸ்பீக்கர்கள், சப்வூஃபர், அடுத்த அறை. ஒவ்வொன்றையும் அம்புக்குறியால் இணைத்து, அம்பின் மேல் கேபிளின் பெயரையும் நீளத்தையும் குறியுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளே பட்டியல். இணைத்த பிறகு ஏதாவது மக்கர் செய்தால் மூன்றே கேள்விகள்: ஒலியே வரவில்லையா, பாதையைப் பாருங்கள். வந்தும் பொருந்தவில்லையா, நேரத்தைப் பாருங்கள். பொருந்தியும் மெலிகிறதா, பலத்தைப் பாருங்கள். மலைமேல் கோபுரத்தைப் பராமரிக்கும் பொறியாளர்களும் கேட்கும் கேள்விகள் இவைதான்!